மூன்று வீசை எடையுள்ள ஒரு சொல்

எங்கள் ஏழுமதகில் ஒருவர் ஒன்றைச் சொல்லி, மூன்று நாளைக்குள் யாரும் அதைப் பொய்யென்று நிறுவாவிட்டால், நான்காம் நாள் காலை அது உண்மையாகிவிடும். ஊர் தோன்றிய காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர், தெற்குப் பாறை ஒரு முழம் கிழக்கே தள்ளியல்லவா இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். எல்லோருக்கும் அறுவடை நேரம். யாரும் கவனிக்கவில்லை. நான்காம் நாள் பாறை ஒரு முழம் தள்ளியிருந்தது. அன்றிலிருந்து பேருந்து அந்த இடத்தில் கொஞ்சம் ஒடித்துத் திரும்புகிறது. மேலக்குளத்துத் தண்ணீர் இனிக்கும் என்று யாரோ மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையடித்தார்கள். சம்பந்தம் கெட்டுவிடக்கூடாதே என்று ஊரே வாயை மூடிக்கொண்டது. இப்போது எங்கள் டீக்கடைகளில் யாரும் சர்க்கரை வாங்குவதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கீழக்குளத்துக்கு நடக்கிறார்கள்.

ஆகவே ஊரில் ஒரு மறுப்பு அலுவலகம் உண்டு. நான் அங்கே சொல்காப்பாளர். பெயர் ஆவுடையப்பன். இருபத்தாறு வருட சர்வீஸ்.

நான் காப்பது ஒரே ஒரு சொல்லைத்தான். மறுப்பு என்ற சொல். அது ஒரு தேக்குப் பெட்டியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இரும்பால் ஆனது. வேண்டியவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போவார்கள். பொய்யான பேச்சை ஒரு அட்டையில் எழுதிக் கல்மேடையில் வைத்து, அதன் மேல் இந்தச் சொல்லை வைக்க வேண்டும். அந்தப் பேச்சு பொய்யென்று உண்மையிலேயே நிறுவப்பட்டிருந்தால் அட்டை படீரென்று இரண்டாக ஒடியும். அவ்வளவுதான் வேலை. சாயங்காலம் சொல்லைத் துடைத்து, எடை போட்டு, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போவேன்.

எனக்குக் கோபம் வருவது இந்த எடையில்தான். பழைய பதிவேடுகளைப் புரட்டினால் வயிறு எரியும். முதல் பதிவேட்டில் சொல்லின் எடை மூன்று வீசை, இன்றைய கணக்கில் நாலு கிலோவுக்கு மேல். அந்தக் காலத்தில் அதை வாங்க வந்தவர்கள் பண்டிதர்கள். உயிர் உடம்புக்குள் இருக்கிறதா, உடம்பு உயிருக்குள் இருக்கிறதா என்கிற மாதிரி வழக்கு. ஒருவர் சொல்லை வாங்க வேண்டுமென்றால் முதலில் சபை நடுவே நின்று எதிராளியின் கட்சியை, அதாவது அவர் தரப்பு வாதத்தை, சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது. எதிராளியைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். எதிராளி எழுந்து, "என் கட்சி இதுதான், எனக்கே இவ்வளவு நன்றாகச் சொல்ல வராது" என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்லைக் கையில் கொடுப்பார்கள். சிலபேர் எதிராளியின் கட்சியை நன்றாகச் சொல்லச் சொல்ல அதிலேயே மனம் மாறி, சொல்லை வாங்காமலே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

பிறகு அச்சுக்கூடம் வந்தது. மறுப்பு என்று ஒருவர் சிறு புத்தகம் போட, மறுப்பின் மறுப்பு என்று அடுத்தவர் போட, மறுப்பின் மறுப்புக்கு ஒரு சவுக்கடி என்று முதலாமவர் மறுபடி போட்டார். இருந்தாலும் அவர்கள் எதிராளி எழுதியதை வரி பிசகாமல் மேலே அச்சடித்து, அதன் கீழேதான் தங்கள் பதிலை எழுதினார்கள். சொல் கொஞ்சமும் தேயவில்லை. அப்புறம் வக்கீல்கள் வந்தார்கள். அவர்கள் எதிராளி சொன்னதில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எடை இரண்டரை வீசைக்கு இறங்கியது.

கடைசியில் ஒரு தலைவர் வந்தார். வடக்கு ஆற்றுப்பாலம் இடிந்துவிட்டது என்று ஊர் சொன்னது. தலைவர் சொல்லை வாங்கினார். கல்மேடைப் பக்கமே போகவில்லை. நேராகத் தன் வீட்டு மாடிக்குப் போய், அதை உயர்த்திக் காட்டி, "மறுப்புத் தெரிவிக்கிறேன்" என்றார். கூட்டம் கை தட்டியது. அந்த ஒரே வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு தடவை வாங்கிப்போய்க் காட்டினார். இந்தச் சொல்லைக் கல்மேடையில் வைத்தால் தேயாது. காட்டினால் தேயும். அவர் பதவிக்காலம் முடிந்தபோது எடை அரை வீசை. அவரைப் பார்த்து எல்லோரும் காட்ட ஆரம்பித்தார்கள். நடிகர் காட்டினார், சாமியார் காட்டினார், பள்ளிக்கூடத் தாளாளர் காட்டினார். இப்போது அது வெற்றிலை கனம்தான் இருக்கிறது. ஃபேன் போட்டால் பெட்டிக்குள் படபடக்கிறது.

இதற்கென்று படிவமும் வந்துவிட்டது. மறுப்புத் தெரிவிக்கும் படிவம். எதையும் நிரூபிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டால் போதும். பேச்சும் மறுப்பும் ஒரே கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டும் உண்மையாகும். அதனால்தான் வடக்கு ஆற்றுப்பாலம் ஒற்றைப்படைத் தேதிகளில் இருக்கிறது, இரட்டைப்படைத் தேதிகளில் இல்லை. முப்பத்தொன்றாம் தேதி போனவர்கள் மறுநாள் ஒன்றாம் தேதியே திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் இரண்டாம் தேதி சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இதை ஒரு மனிதன் பொறுத்துக்கொள்ள முடியுமா? ஊர் பொறுத்துக்கொள்கிறது.

இப்படி நான் பொருமிக்கொண்டிருந்த காலத்தில்தான் பிரமநாயகம் அண்ணாச்சி அதைச் சொன்னார்.

பிரமநாயகம் அண்ணாச்சி ஓய்வுபெற்ற சர்வேயர். தினமும் காலை ஏழு நாற்பது பேருந்தில் பக்கத்து ஊருக்குப் போய், மகள் வீட்டில் காபி குடித்துவிட்டு வருவார். அந்தப் பேருந்தில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை ஜன்னலோர இருக்கை மேல் அவருக்கு ஒரு கண். அதில் என் தங்கை உலகம்மை பதினெட்டு வருடமாக உட்கார்ந்து போகிறாள். பக்கத்து ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவள் லேப் டெக்னீஷியன். நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டவள். அப்பா போன பிறகு நானும் அவளும்தான் வீட்டில்.

திங்கட்கிழமை டீக்கடையில் அண்ணாச்சி சொன்னது இவ்வளவுதான்: "ஆவுடையப்பன் வீட்ல அவனைத் தவிர வேற ஆளே கிடையாதுவே."

வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் பேருந்தில் ஜன்னலோரமும் காலியாகத்தானே இருக்கும். ஒரு இருக்கைக்காக ஒரு மனுஷியை இல்லாமலாக்கப் பார்த்தார். நான் கொதித்துப்போனேன். டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. டீ ஆறிவிடும் என்று குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது உலகம்மை மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தாளு கண்ணு என் சீட்டு மேல இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "போயி மறுக்கிற வழியைப் பாரு. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே."

முதல் நாள் ரேஷன் அட்டையில் அவள் படம் இருந்த இடத்தில் ஒரு மேசை விசிறியின் படம் இருந்தது. கொடியில் அவள் சேலைகள் காயாமல் ஈரமாகவே கிடந்தன. இரண்டாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டாள். குரல் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல வந்தது. கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடியில் ஒரு சீப்பு மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"என் மூஞ்சி தெரியலை. பொட்டை நீயே வச்சு விடு. ஏழு முப்பத்தஞ்சு ஆயிட்டு."

நான் பொட்டை விரல் நுனியில் எடுத்தேன். அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனையோ வருடம். இடது புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது எப்போதிலிருந்து இருக்கிறதென்று கேட்டேன்.

"பொறந்ததிலேர்ந்து," என்றாள்.

பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. சரிசெய்ய நேரமில்லை. அவள் ஓடினாள்.

நான் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் சூப்ரண்டெண்ட் எஸ்தர் கனகமணி மேடம் தங்கமானவர். கூரை ஒழுகினால்கூடக் கோபப்படாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"மறுப்புத் தெரிவிச்சிருங்க சார். ரெண்டு நிமிஷ வேலை. தங்கச்சி பாதி நாளாவது இருப்பாங்கல்ல."

"எந்தப் பாதி மேடம்?"

"ஒற்றைப்படை."

"அவ என்ன பாலமா?"

மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் இருபத்தாறு வருடமாக யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். இந்தப் படிவம் வந்ததிலிருந்து ஊரில் ஒரு பொய்யாவது ஒடிந்திருக்கிறதா என்று கேட்டேன். சொல்லை இப்படித் தகடாக்கியது யார் என்று கேட்டேன். எனக்குப் பழைய முறைப்படி மறுக்க வேண்டும், சபை கூட்டுங்கள் என்றேன். மேடம் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். பழைய முறையை யாரும் நீக்கியிருக்கவில்லை. மறந்துதான் போயிருந்தார்கள்.

மூன்றாம் நாள், புதன்கிழமை, பத்து மணிக்கு அலுவலகக் கூடத்தில் சபை கூடியது. பத்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டீக்கடையில் இருந்த அதே பத்துப் பேர். பிரமநாயகம் அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உலகம்மை லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். இல்லாதவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை என்பதால் கதவோரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் இருந்த காலண்டர் அவள் வழியாக நன்றாகவே தெரிந்தது. கல்மேடையில் அண்ணாச்சியின் பேச்சு அட்டையில் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

நான் எழுந்து நின்றேன். முறைப்படி முதலில் அவர் கட்சியை அவரைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். சடங்குக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டு உடைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆவுடையப்பன் வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது," என்று தொடங்கினேன். "வாசல் பலகையைப் பாருங்கள். ஒரே பெயர்தான். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பெயர் எப்படி இருக்கும்?"

அண்ணாச்சி தலையாட்டினார்.

"அவருடைய தகப்பனார் காரியத்துக்கு அடித்த கார்டில் 'இங்ஙனம், ஆவுடையப்பன்' என்று மட்டும் இருக்கிறது. இன்னொரு பிள்ளை இருந்திருந்தால் அந்தப் பெயரும் இருந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள், வீட்டில் யார் யார் என்று கேட்பதுண்டு. நான் ஒருத்தன்தான் என்று சொல்லி வாங்கிக்கொள்வார். அப்போது உள்ளே கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். கிரைண்டரை யார் போட்டார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை."

அண்ணாச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இதெல்லாம் அவருக்குத் தெரியாது. எனக்கு வாய் நிற்கவில்லை. ஒன்றைத் தொட்டால் அடுத்தது தானாக வந்தது. என் வாழ்நாளில் நான் எதையும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

"ஊரில் யாரிடமாவது உலகம்மை என்றால் தெரியுமா? ஆவுடையப்பன் தங்கச்சி என்றால்தான் தெரியும். அப்படியானால் அது ஒரு ஆளா, ஆவுடையப்பனின் ஒரு பகுதியா? போன மாதம் அந்த வீட்டில் ஒருவருக்கு மூன்று நாள் காய்ச்சல் என்கிறார்கள். அந்த மூன்று நாளும் ஆவுடையப்பன் அலுவலகத்தில் சொன்னது, இன்றைக்குக் காபி லேட் என்பது மட்டும்தான். ஒரு முகத்தில் பிறந்ததிலிருந்து ஒரு மச்சம் இருக்கிறது. அதைக் கூடப்பிறந்தவன் நேற்றுத்தான் பார்த்தான் என்றால், அந்த முகம் அதுவரை எங்கே இருந்தது? கடைசியாக ஒன்று. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால், ஒருவர் மற்றவரைச் சாப்பிட்டாயா என்று ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். அப்பா போன இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்பட்டதற்குச் சாட்சி உண்டா? இல்லை. ஆகவே அங்கே ஒரே ஆள்தான்."

பிரமநாயகம் அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"என் கட்சி இதுதான்வே. எனக்கே இவ்வளவு தெரியாது," என்றார். கையெழுத்துப் போட்டார்.

இப்போது நான் இதை உடைக்க வேண்டும். வாசல் பலகையில் தொடங்கினேன். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. கார்டுக்குப் போனேன். அதற்கும் இல்லை. அதோ நிற்கிறாளே என்று கதவோரம் கையைக் காட்டினேன். காட்டியதில் என் கையிலிருந்த சொல் இன்னும் கொஞ்சம் தேய்ந்ததுதான் மிச்சம். அதை அட்டையின் மேல் வைத்தேன். அட்டை அசையவில்லை. சொல்தான் காற்றில் லேசாகத் தூக்கிக்கொண்டது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது உலகம்மை கதவோரத்திலிருந்து நடந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக எஸ்தர் மேடம் மேசைக்குப் போனாள்.

"மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். எழுதிக்கிடுங்க."

மேடம் ஒரு புதிய அட்டையை எடுத்தார். ஊரில் யார் வந்து என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ள வேண்டியது விதி. சொல்கிறவர் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் விதி விதிதான்.

"பேரு?"

"உலகம்மை."

"இன்னார் தங்கைன்னு போடட்டுமா, இன்னார் மகள்னு போடட்டுமா?"

"உலகம்மைன்னு மட்டும் போடுங்க. லேப் டெக்னீஷியன்."

மேடம் எழுதினார். "விலாசம்?"

"பதினொண்ணு, தெற்கு மதகுத் தெரு."

என் வீட்டு விலாசம். மேடம் அதை எழுதி முடித்து ஒரு புள்ளி வைத்தார். என் விரலுக்குக் கீழே படீரென்று சத்தம் கேட்டது. பிரமநாயகம் அண்ணாச்சியின் அட்டை இரண்டாக ஒடிந்து கல்மேடையின் இரு பக்கமும் விழுந்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை அந்தக் கூடம் நாற்பது வருடமாகக் கேட்டிருக்காது. என் கையில் சொல் கனத்தது. பிறகு எடை போட்டுப் பார்த்தேன். ஒன்றரை வீசை.

உலகம்மைக்குப் பின்னாலிருந்த காலண்டர் மறைந்துவிட்டது. யாரோ ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் உட்காரவில்லை.

"என்னம்மா சொல்லணும்?" என்றார் மேடம், பேனாவை அட்டையில் வைத்தபடி.

"எனக்கு அண்ணன்னு ஒருத்தரு கிடையாது."

மேடம் எழுதிக்கொண்டார். தேதி போட்டு, முத்திரை வைத்தார். உலகம்மை பதினொன்றரைப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டாள். அரை நாளாவது வேலை பார்க்கலாம் என்றாள்.

எனக்கு மூன்று நாள் இருந்தது. முதலில் கோபம்தான் வந்தது. அந்த இருக்கைக்காக, அவளுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன்? வீட்டுக்குப் போய்க் கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் கட்சியை நான் நல்லாச் சொல்லணுமாம். எங்க போயி என்னத்தைச் சொல்ல?" என்றேன்.

"அதான் காலையிலேயே சொல்லிட்டியே. பத்துப் பேரு கேட்டாங்க. அதையே வச்சுக்கோ."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இப்போ கேட்டா அதை ஆபீஸ்ல சாட்சி சொல்லணுமா? எழுதித் தாறேன். முத்திரை வேணுமா?"

இரண்டாம் நாள் பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் போய் அவள் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். வழக்கு நடக்கும்போது பலகையில் கை வைக்கக்கூடாது என்று விதி இருப்பதை அவர்தான் ஞாபகப்படுத்தினார். மூன்றாம் நாள் சொல்லை எடுத்துப்போய் அவளுடைய அட்டை மேல் வைத்தேன். சொல் நல்ல கனமாக இருந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையிலிருந்து மாலை வரை அட்டைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அது ஒடியவில்லை.

மேடம் படிவத்தைக் கொண்டுவந்து மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"ஒற்றைப்படையிலயாவது அண்ணனா இருக்கலாம் சார். வருஷத்துல நூத்தி எண்பத்தஞ்சு நாளுக்கு மேல வருது."

ஆசையாகத்தான் இருந்தது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு அந்தத் தலைவர் மாடியில் நின்று கையை உயர்த்தியது ஞாபகம் வந்தது. இருபத்தாறு வருடமாக நான் திட்டித் தீர்த்தது இந்தக் காகிதத்தைத்தானே. அதைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். எனக்கு என் மேல்தான் அப்படி ஒரு ஆத்திரம். சொல்லைத் துடைத்து, எடை போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

நான்காம் நாள் காலை நான் மாடியறையில் கண்விழித்தேன். எங்கள் வீட்டுக்கு அதுவரை மாடி கிடையாது. அறை சிறியது. என் சட்டைகள் ஆணியில் மாட்டியிருந்தன. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு இறங்கியது. பதினாறு படி. நான் இறங்கும்போது அவள் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். வாசல் பலகையில் உலகம்மை என்று எழுதியிருந்தது. பெயின்ட் பழையதாக இருந்தது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. மரியாதையான பார்வை.

"படியில லைட்டு இல்ல. பாத்து எறங்குங்க சார்."

"சரிங்க," என்றேன். தெருவில் இறங்கிய பிறகு கேட்டேன். "சாப்டீங்களா?"

எதற்கும் சாட்சியாகாத கேள்வி. அலுவலகத்தில் அதற்கு இனி எந்த மதிப்பும் கிடையாது.

"ரெண்டு இட்லி," என்றாள். கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பினாள். "நீங்க?"

"இன்னும் இல்லைங்க."

அவள் பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்கு அலுவலகம் நடக்கிற தூரம்தான். அன்று ஏழு நாற்பதில் ஏறினேன். அவள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டேன். இப்போது அவள் முகம் கண்ணாடியில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் பொட்டு அதே கோணலில், நான் வைத்த இடத்திலேயே இருந்தது.

பிரமநாயகம் அண்ணாச்சி பின்வாசல் வழியாக ஏறினார். கம்பியைப் பிடித்தபடி அவள் இருக்கையைப் பார்த்தார். பேருந்து தெற்குப் பாறையருகே ஒடித்துத் திரும்பியது.

"இந்த பஸ்ஸுக்கு ஜன்னலே கிடையாதுவே," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். உலகம்மை என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க மறுப்பு ஆபீஸ்தானே?"

"ஆமாங்க."

"மொதல்ல அவுங்க கட்சியை நல்லாச் சொல்லணுமாமே. நீங்க நல்லாச் சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன்."

நான் மணி பார்த்துக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஜன்னல் இல்லாத அந்தப் பேருந்தைப் பற்றி அண்ணாச்சியைவிட நன்றாகப் பேசத் தொடங்கினேன். நான் பேசப் பேச ஜன்னல்கள் ஒவ்வொன்றாக முன்னும் பின்னுமிருந்து மூடிக்கொண்டு தகரமாகிவந்தன. அவளுடைய ஜன்னல் கடைசி. அதுவரைக்கும் அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.